வாந்தி தஹ்மானின் படகு

ரயீஸ் உட்கார்ந்து காப்பி குடிக்கிற கம்பளத்தின் மேல்தான் அக்லி வாந்தி எடுத்தான். கப்பல் தலைவரை நாங்கள் ரயீஸ் என்போம். அந்த ரயீஸ் சாதாரண ஆள் இல்லை. அவர் பாய்மரம் தூரத்தில் தெரிந்தாலே ஸ்பெயின்காரன் கரைப்பக்கம் திரும்பி ஓடுவான். அப்படிப்பட்டவருடைய சிவப்புக் கம்பளம் அது.

அக்லி கபைல் மலைக்காரன். வெட்டுக்கிளி வந்து ஊரையே மேய்ந்துவிட்டுப் போன வருஷம், இருந்த ஒரே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அல்ஜியர்ஸுக்கு இறங்கி வந்தவன். அதுவரை கடலைத் தூரத்தில் நீலக் கோடாய்த்தான் பார்த்திருக்கிறான். கப்பலில் கயிறு இழுக்கும் வேலை கிடைத்தது. கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கினதுதான் தாமதம், வயிறு வாய்க்கு வந்துவிட்டது. கடல் ஒத்துக்கொள்ளாதவனை ரயீஸ் வைத்திருக்க மாட்டார். அடுத்த கரையில் இறக்கிவிடுவார். இறங்கினால் அவனுக்குப் போக ஊரும் இல்லை, தின்னச் சோறும் இல்லை. மண்டியிட்டபடி அவன் உள்ளுக்குள்ளே அல்லாஹ்வைக் கூப்பிட்டான்.

காலடிச் சத்தம் கேட்டது. ஒரு நெட்டையன் வந்து அவன் தோளைப் பிடித்து ஓரமாய்த் தள்ளிவிட்டு, அவன் இருந்த இடத்தில் தான் மண்டியிட்டுக்கொண்டான். ரயீஸ் வந்து நின்றார்.

“யாருடா இது?”

“நான்தான் ரயீஸ். நேத்து தின்ன மத்தி மீன் வயித்தைப் புரட்டிடுச்சு.”

“பதினஞ்சு வருஷமா கடல்ல கிடக்குறே. மத்தி மீனா புரட்டுச்சு?”

“மீனுக்கு நான் பதினஞ்சு வருஷக்காரன்னு தெரியலை ரயீஸ்.”

கப்பலே சிரித்தது. ரயீஸும் சிரித்துவிட்டார். நெட்டையன் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டுபோய்க் கடல் தண்ணீரில் அலசிக் கயிற்றில் காயப்போட்டான். அக்லியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மாலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் அவன் மடியில் போட்டுவிட்டுப் போனான். “கடிச்சு வச்சுக்க. தூரத்துல ஒரே இடத்தைப் பாரு, அலையைப் பாக்காதே” என்றான். அவ்வளவுதான்.

அவன்தான் தஹ்மான். அன்றிலிருந்து ஊர் முழுக்க அவனுக்கு வாந்தி தஹ்மான் என்று பேர் விழுந்தது. துறைமுகத்தில் வலை பின்னுகிறவன், பள்ளிவாசல் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவன், மீன் விற்கிறவன் எல்லோரும் அந்தப் பேரைத்தான் சொன்னார்கள். அவன் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

அக்லி பிறகு எலுமிச்சம்பழத்தைக் கடித்துக் கடித்தே கடலுக்குப் பழகிக்கொண்டான். ஆனால் நீச்சல் மட்டும் அவனுக்கு வரவே இல்லை. தஹ்மான் சொல்லிக் கொடுத்துப் பார்த்தான். கல்லைப் போட்டால் மூழ்குகிற மாதிரி மூழ்கினான். கடைசியில் தஹ்மான் ஒரு ஆட்டுத்தோல் தண்ணீர்ப் பையைக் காலி செய்து, காற்று ஊதிக் கட்டி, அக்லி உட்காருகிற பலகைக்கு அடியில் தொங்கவிட்டான். யார் கேட்டாலும், “எண்ணெய் வைக்கிற பை, ஓட்டை விழுந்திடுச்சு” என்பான்.

நாலு வருஷம் கழித்துத் தஹ்மான் தன் தங்கை யமீனாவை அவனுக்கே கட்டிக்கொடுத்தான். யமீனாவுக்கு வாய் நீளம். நிக்காஹ் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே, “என் அண்ணன் மாதிரி வாந்தி எடுக்காத ஆம்பளை கிடைச்சதுக்கு அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அக்லி தலையைக் குனிந்துகொண்டான். தஹ்மான் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரிய ரயீஸ் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தில் அமெரிக்கக் கப்பல்களோடு மோதினதில் மவுத்தானார். பீரங்கிக் குண்டு அவரை இரண்டாய்ப் பிளந்துவிட்டது. அவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி உடலைக் கடலிலேயே இறக்கினார்கள். இறக்கின கைகளில் தஹ்மானின் கையும் ஒன்று. ஒரு காலத்தில் ஐரோப்பிய ராஜாக்கள் எங்கள் துறைமுகத்துக்குக் கப்பம் அனுப்பினார்கள். எங்கள் கொடியைப் பார்த்தால் வியாபாரக் கப்பல்கள் பாயை இறக்கி நிற்கும். ரயீஸ் போனதோடு அந்தக் காலமும் தண்ணீருக்குள் போய்விட்டது என்று தஹ்மான் சொல்வான். அதன் பிறகு அவன் பெரிய கப்பலுக்குப் போகவில்லை. துறைமுகக் காவலுக்கு இருந்த பீரங்கிப் படகு ஒன்றுக்கு அவனைத் தலைவனாய்ப் போட்டார்கள். மூக்கில் ஒரு பீரங்கி, இரண்டு பக்கமும் துடுப்பு, இருபது ஆள். அக்லி அதில் துடுப்பு போட்டான். அவன் பலகைக்கு அடியில் அந்த ஆட்டுத்தோல் பையும் வந்து தொங்கியது.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் சேர்ந்து வந்தார்கள். நாங்கள் பிடித்து அடிமைகளாய் வைத்திருந்த கிறிஸ்தவர்களை விடச் சொல்லி வந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். கேட்ட விதத்தில் செத்தவர்கள்தான் அந்த நியாயத்தைப் பற்றிப் பேச மிஞ்சவில்லை.

காலையில் வெள்ளைக் கொடி கட்டின படகு ஒன்று வந்து பதிலுக்குக் காத்து நின்றது. காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. யமீனா பேரீச்சை அடைத்த ரவைப் பலகாரத்தை ஒரு துணியில் கட்டி அக்லியின் கையில் கொடுத்தாள். வாசலில் தஹ்மான் நின்றிருந்தான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் வந்தா கதவைத் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

“நான் மட்டும் வந்தாலும் திறக்க மாட்டியா புள்ளே? அண்ணன்டி நான்!” என்றான் தஹ்மான்.

“நீ வந்தா முதல்ல வாசலைக் கழுவணும். அதுக்காகவே திறக்க மாட்டேன்.”

தஹ்மான் சத்தமாய்ச் சிரித்துக்கொண்டே படி இறங்கினான். அக்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பியது. பதில் இன்னும் போகவில்லை. அதற்குள் அந்தக் கப்பல்கள் பாய் விரித்து உள்ளே வர ஆரம்பித்தன. எங்கள் ஆட்கள் சுடவில்லை. வெள்ளைக் கொடி நிற்கும்போது, பதில் சொல்லாமல் இருக்கும்போது, வாசலுக்கு வந்தவனைச் சுடுவதா என்று ஆளாளுக்கு மேலிடத்து உத்தரவைப் பார்த்துக்கொண்டு திரியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். எல்லாவற்றிலும் பெரிய கப்பல், கல் எறிந்தால் விழுகிற தூரத்தில், துறைமுகச் சுவரின் முனையை ஒட்டி நங்கூரம் போட்டது. பெருநாள் புதுத்துணியோடு சனங்கள் சுவர் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கப்பலின் மேல்தட்டில் ஒருவன் தொப்பியைக் கழற்றிப் போங்கள், போங்கள் என்பதுபோல் வீசினான். சனங்கள் சந்தோஷமாய்ப் பதிலுக்குக் கை வீசினார்கள்.

சுவருக்குப் பின்னால் தண்ணீரில் பீரங்கிப் படகுகள் வரிசையாய் நின்றன. தஹ்மான் படகின் மூக்கில் எழுந்து நின்று அதைப் பார்த்தான்.

“அவன் விருந்துக்கு வந்த மாதிரி கை ஆட்டலை மாப்பிள்ளை,” என்றான். “அந்த சனத்தை யாராவது இறக்குங்கப்பா! யா அல்லாஹ், யாராவது இறக்குங்களேன்!”

அவன் குரல் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவன் பொறுக்க முடியாமல் ஒரு குண்டு விட்டான். அடுத்த மூச்சில் அந்தப் பெரிய கப்பலின் ஒரு பக்கம் முழுக்கத் தீயாய்த் திறந்தது.

சுவர் மேல் நின்ற சனம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். மேலே இருந்து துணித் துண்டுகள் விழுந்தன. பச்சை, மஞ்சள், ஜரிகை. பிறகு துணி இல்லாதவையும் விழுந்தன. அக்லியின் மடியில் ஒரு கை வந்து விழுந்தது. அதன் விரல்களில் பெருநாள் மருதாணி இன்னும் சிவப்பாய் இருந்தது. அவன் அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், யமீனா கொடுத்த பலகாரத் துணியைப் பிரித்து அதில் சுற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரில் விட்டான். பலகாரம் காலடியில் சிதறிக் கிடந்தது.

அதற்குமேல் காது வேலை செய்யவில்லை. கல் உடைந்தது, மரம் உடைந்தது, மனிதன் உடைந்தான். நேரம் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. புகை தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி படிந்தது. எழுந்து நிற்கிறவன் தலைக்குக் கொஞ்சம் மேல் வரைக்கும்தான் அது நின்றது. அதற்கு மேல் வெயில் பளிச்சென்று அடித்தது.

படகுகளுக்கு உத்தரவு வந்தது. புகைக்குள் ஒளிந்துபோய்ப் பெரிய கப்பலின் வயிற்றடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு கிட்டே போய்விட்டால் அதன் பீரங்கிகளைக் கீழே சாய்க்க முடியாது. கீழிருந்து ஓட்டை போடலாம், ஏறலாம்.

இங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெற்கு வாசலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி ஒரு பெரியவர் அடங்கியிருக்கிறார். எங்கள் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்பல் கிளம்பினாலும், எந்தப் படகு கிளம்பினாலும், மூக்கை அந்த தர்காப் பக்கம் திருப்பி, எல்லாத் துடுப்பையும் வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, பாத்திஹா ஓதி, ஆமீன் சொன்ன பிறகுதான் துடுப்பு தண்ணீரைத் தொடும். அதைச் செய்யாமல் கடலுக்குப் போனவனை எவனும் மனிதனாய் மதிக்க மாட்டான்.

பக்கத்துப் படகுகள் திரும்பத் தொடங்கின. தஹ்மான் இருந்த இடத்திலேயே நின்று கையை உயர்த்தினான்.

“இன்னைக்குத் துடுப்பைத் தூக்காதீங்க. பாத்திஹாவை வாயில ஓதுங்க. புகைக்கு மேல துடுப்பு தெரியும். பாய்மரத்து உச்சியில துப்பாக்கிக்காரன் உக்காந்திருக்கான், நம்ம எங்க இருக்கோம்னு அவனுக்கு நாமளே கை காட்டின மாதிரி ஆயிடும்.”

ஒருத்தரும் அசையவில்லை. முன்பலகையில் இருந்த கத்தூர் திரும்பினான். தோள் அகலமான ஆள், படகிலேயே நல்ல துடுப்புக்காரன், வாய் மட்டும் கெட்டது.

“பாத்தீங்களாப்பா? வாந்தி தஹ்மானுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பெரியவருக்கு சலாம் சொல்லாம ஓடணுமாம்!”

“கத்தூர், பெரியவர் நம்ம மனசைப் பாக்குறவர். துடுப்பை இல்லை.”

“உன் மனசைத்தான் ரயீஸோட கம்பளத்துல எல்லாரும் பாத்தாச்சே!”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு. கத்தூர் தன் துடுப்பை நிமிர்த்தினான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. தஹ்மான், “இறக்குங்கடா, உங்க புள்ளைங்க மேல ஆணை, இறக்குங்க!” என்று கத்தினான். வாந்திக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்? பக்கத்துப் படகுகளில் துடுப்புகள் காடு மாதிரி நின்றன.

அக்லி அதுவரை பன்னிரண்டு வருஷமாய் மூடி வைத்திருந்த வாயைத் திறந்தான். எழுந்து நின்றே கத்தினான்.

“வாந்தி எடுத்தது நான்! கேட்டுக்கங்கடா! அந்தக் கம்பளத்துல வாந்தி எடுத்தது நான்தான்! அவன் என்னைக் காப்பாத்தறதுக்குத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டான். அவன் வயிறு ஒரு நாளும் கலங்கினதில்லை!”

கத்தூர் வாயைப் பிளந்துகொண்டு அக்லியைப் பார்த்தான்.

“நிசமாவா?”

“அல்லாஹ் மேல சத்தியமா.”

“மலைக்காரப் பயலே,” என்றான் கத்தூர், “இதைச் சொல்ல வேற நாள் கிடைக்கலியா உனக்கு?” சொல்லிக்கொண்டே தன் துடுப்பை மடமடவென்று கீழே இறக்கினான். “இறக்குங்கடா! ரயீஸ் சொல்றதைக் கேளுங்க!”

அந்தப் படகில் தஹ்மானை ரயீஸ் என்று ஒருவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எல்லாத் துடுப்பும் இறங்கின. கடைசித் துடுப்பு புகைக்குள் மறைகிற நேரம் குண்டு வந்தது. ஆமீன் சொல்லி முடிக்காத பக்கத்துப் படகு நடுவில் முறிந்து, ஆட்கள் இரண்டு பக்கமும் கொட்டினார்கள். அதற்கு அடுத்ததும் போனது. அதற்கு அடுத்ததும். உயர்த்தின துடுப்புகள் உயர்த்தினபடியே தண்ணீருக்குள் இறங்கினதை அக்லி பார்த்தான். விழுந்தவர்கள் தஹ்மானின் படகு விளிம்பைப் பிடிக்க வந்தார்கள். இரண்டு பேரைத்தான் தூக்க முடிந்தது. மற்றவர்களின் விரல்கள் மேலேயே துடுப்பு போட வேண்டியிருந்தது.

தஹ்மான் திரும்பி அக்லியைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. “உன்னை யாருடா கேட்டா?” என்று மட்டும் சொன்னான். பிறகு பாத்திஹாவை அவனே சத்தமாய் ஓதினான். இருபது பேரும் உட்கார்ந்தபடி ஆமீன் சொன்னார்கள். படகு புகைக்குள் நுழைந்தது.

அன்றைக்குப் போன படகுகளில் பெரும்பாலானவை பாதி வழியைக் கூடத் தாண்டவில்லை. தஹ்மானின் படகு தாண்டியது. கப்பலின் தார் வாசனை வரும் வரைக்கும், உள்ளே அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் போனது. தஹ்மான் தன் கையாலேயே திரி வைத்தான். குண்டு கப்பலின் மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. உள்ளே ஒருவன் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி அலறினான். எந்த மொழியானாலும் அந்த அலறல் ஒன்றுதான். கத்தூர், “இன்னொன்னு கொடு ரயீஸ், இன்னொன்னு!” என்று பல்லைக் காட்டிச் சிரித்தான்.

அப்போது காற்று ஒரு சுழற்றுச் சுழற்றிப் புகையை வாரிக்கொண்டு போனது. பக்கவாட்டில் நின்ற வேறொரு கப்பல் அவர்களைப் பார்த்துவிட்டது. ஒரு பை நிறைய இரும்புக் கொட்டைகளை முகத்தில் எறிந்த மாதிரி இருந்தது. கத்தூரின் சிரிப்பு அப்படியே இருந்தது, சிரிப்புக்கு மேலே தலை இல்லை. துடுப்புப் பலகைகளில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். படகின் அடி வாய் பிளந்தது. தண்ணீர் சிவப்பாய் உள்ளே வந்தது. அக்லி, தன் கழுத்து வரைக்கும் கடல் வந்ததை உணர்ந்தான்.

இதற்கு மேல் நடந்ததை அவன் ஊரில் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. அலை அவனை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். தெற்கு வாசலுக்கு வெளியே, அந்தப் பெரியவரின் தர்காவுக்குக் கீழே இருக்கிற பாறையில் போட்டது. ஊதின ஆட்டுத்தோல் பை அவன் மார்போடு கயிற்றால் கட்டியிருந்தது. துறைமுகத்தில் எங்கள் கப்பல்கள் ஒவ்வொன்றாய் எரிந்துகொண்டிருந்தன. மழை பெய்து அந்த நெருப்பை அணைத்த பிறகு, விடிந்ததும், அவன் எழுந்து நடந்தான்.

தெருவில் நடக்க இடம் இல்லை. இடிந்த சுவர்களுக்கு அடியில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்தவர்கள், “அக்லி, வாந்தி தஹ்மான் எங்கே?” என்று கேட்டார்கள். அவன் மேல்தெருவுக்கு ஏறினான். வீடு இடியாமல் நின்றது. கதவு சாத்தியிருந்தது. அவன் தட்டினான்.

உள்ளே காலடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றது.

“ரெண்டு பேரா?”

அவன் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டான்.

“ரெண்டு பேரான்னு கேட்டேன்.”

“இல்லை.”

உள்ளே அவள் கதவோடு கதவாய்ச் சரிந்து உட்காருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. தெருவில் ஒரு பிணத்தைக் கலிமாவோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் தாண்டின பிறகு அவள் கேட்டாள்.

“எப்படி?”

“ரெண்டு காலும் போயிடுச்சு. அவன் நல்லா நீந்துறவன், அவனால நீந்த முடியலை. என் பலகைக்கு அடியில தொங்கின பையை அறுத்து என் மார்ல கட்டினான். ஒண்ணுதான் இருந்துச்சு. ஒருத்தரைத்தான் தாங்கும். நான் அவன் கழுத்துலதான் கட்டணும்னு இழுத்தேன், அவன் என் கன்னத்துல அறைஞ்சான். முடிச்சைப் பல்லால இறுக்கினான்.”

“அப்புறம்?”

“ஊர் அவனை வாந்திக்காரன்னு சொல்லுச்சே, அது...”

“அது நீன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் யமீனா. “கல்யாணமாகி எட்டு வருஷமா, படகுல போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழம் கடிக்கிறது யாரு? என் அண்ணனா? அவன் வாயால சொல்லட்டும்னுதான் அவனைச் சீண்டிக்கிட்டே இருந்தேன். அவன் சொல்லவே இல்லை.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. “கடைசியா என்ன சொன்னான்? அதைச் சொல்லு. எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே.”

அக்லி கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தில் அந்த அறை இன்னும் எரிந்தது. தண்ணீர் மட்டத்துக்கு அந்த நீண்ட முகமும், உதட்டில் ரத்தத்தோடு அந்தச் சிரிப்பும் தெரிந்தன. தஹ்மான் அவனைக் காலால் உதைக்க முடியாமல் இரண்டு கையாலும் தள்ளிவிட்டுச் சொன்னதை, அதே மாதிரி, கதவுக்குச் சொன்னான்.

“‘போ மாப்பிள்ளை. அவ கதவைத் திறக்க மாட்டா. அண்ணன் சொன்னான்னு சொல்லு. சீக்கிரம் திற புள்ளே, உப்புத்தண்ணி குடிச்சுட்டு வந்திருக்கான், வாசல்லயே வாந்தி எடுக்கப் போறான்னு சொல்லு. யாராவது பாத்துட்டா, எடுத்தது நான்தான்னு சொல்லிடு.’”